நாட்டின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நுகர்வைத் துறைவாரியாக முன்கணிப்பது எப்படி? விறகும் சூரிய மின்சாரமும் ஒரே கோட்டில் சேருமா?

#1 வைகைக்கரை

வணக்கம். முதுகலை ஆய்வேட்டிற்காக இந்தியாவின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நுகர்வை 2035 வரை முன்கணிக்க முயன்றுகொண்டிருக்கிறேன். தொடக்கத்தில் இதை எளிய வேலை என்றே எண்ணினேன். நாட்டின் மொத்த இறுதி ஆற்றல் நுகர்வில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கை உலக வங்கி 1990 முதல் ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. அந்தத் தொடருக்கு முதலில் ஒரு நேர்கோட்டையும் பின்னர் அரிமா (ARIMA) மாதிரியையும், அதாவது ஒரு தொடரின் கடந்த கால எண்களைக் கொண்டே அடுத்தவற்றைக் கணிக்கும் புள்ளியியல் முறையையும், பொருத்தினேன். 1990இல் பாதிக்கு மேல் இருந்த பங்கு 2010களின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. கோட்டை நீட்டினால் 2035இல் அது இன்னும் கீழே இறங்குகிறது.

மறுபுறம் நிறுவுதிறனை, அதாவது நிறுவப்பட்ட மின்நிலையங்கள் தரக்கூடிய உச்ச அளவைப் பாருங்கள். 2010 சனவரியில் தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கப்பட்டபோது, மின்தொகுப்போடு இணைந்த சூரிய மின்சாரம் பேருக்குத்தான் இருந்தது. 2025 மார்ச் இறுதியில் சூரிய மின்சாரம் மட்டுமே 100 கிகாவாட்டைத் தாண்டிவிட்டது. பெரிய நீர்மின் நிலையங்களையும் சேர்த்தால் புதுப்பிக்கத்தக்க நிறுவுதிறன் 220 கிகாவாட். இந்தத் தொடருக்குக் கோடு பொருத்தினால் அது வானத்தை நோக்கிப் போகிறது.

ஒரே நாட்டைப் பற்றிய இரண்டு தொடர்கள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்போது எதை வைத்து முன்கணிப்பது? "மொத்தத்தை விட்டுவிட்டுத் துறைவாரியாகப் பிரித்துப் பார்" என்கிறார் என் வழிகாட்டி. ஆனால் வீடு, தொழிலகம், போக்குவரத்து, வேளாண்மை என்று பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றுக்கும் கையில் மிஞ்சும் தரவு மிகச் சிறியதாகிவிடுகிறது. இத்துறையில் வேலை செய்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 முற்றம்

வைகைக்கரை, உங்கள் கோட்டில் பிழையில்லை. நீங்கள் அளக்க நினைத்த பொருளை அது அளக்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் தொடரில் புதுப்பிக்கத்தக்கது என்ற தலைப்பை நீண்ட காலமாக நிரப்பி வந்தவை சூரியத் தகடும் காற்றாலையும் அல்ல; நம் ஊர் அடுப்புகளில் எரியும் விறகும் சுள்ளியும் வறட்டியும் பயிர்க்கழிவும்தான். கிராமத்து வீடுகளின் எரிபொருள் பயன்பாட்டைப் பற்றிய கள ஆய்வுகளில் சில ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால், இதைச் சற்று விரித்து எழுத விரும்புகிறேன்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ எரிவாயு உருளையில் ஏறத்தாழ 650 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. எரிவாயு அடுப்பின் திறனை 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், பாத்திரத்திற்குள் இறங்கும் வெப்பம் 390 மெகாஜூல். அதே சமையலைப் பழைய மண் அடுப்பில் செய்தால், அதன் திறன் 12 விழுக்காடுதான் என்பதால், 3,250 மெகாஜூல் மதிப்புள்ள விறகு தேவைப்படும். உலர்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் தரும் என்று கொண்டால் அது 200 கிலோவுக்கும் மேல். ஒரு குடும்பம் முழுமையாக எரிவாயுவுக்கு மாறும்போது, ஒவ்வோர் உருளைக்கும் 3,250 மெகாஜூல் "புதுப்பிக்கத்தக்க" ஆற்றல் தேசியக் கணக்கிலிருந்து மறைந்து, 650 மெகாஜூல் புதைபடிவ ஆற்றல் அந்த இடத்தில் வந்து அமர்கிறது. சோறு அதே சோறுதான். புகையில் கண் எரியும் பெண்ணுக்கு விடுதலை கிடைத்திருக்கிறது, ஆனால் உங்கள் வரைபடமோ அதைச் சரிவாகக் காட்டுகிறது.

இந்த மாற்றம் எவ்வளவு விரைவாக நடந்தது என்பதையும் கவனியுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்கள் 2015–16இல் 43.8 விழுக்காடு, 2019–21இல் 58.6 விழுக்காடு. இடையில் 2016 மே 1 அன்று, ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் தொடங்கியது; 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் தரப்பட்டுவிட்டன.

ஆனால் இணைப்பின் எண்ணிக்கையை அப்படியே மாதிரிக்குள் போட்டுவிடாதீர்கள். எரிவாயு வந்த வீட்டில் விறகடுப்பு உடனே அணைந்துவிடுவதில்லை. தேநீருக்கும் அவசரச் சமையலுக்கும் எரிவாயு. சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் வெளியடுப்பு. உருளையின் விலை ஏறும் மாதங்களில் வெளியடுப்பின் வேலை கூடுகிறது. ஆகவே, ஓர் இணைப்பு ஆண்டுக்கு எத்தனை உருளைகளை மறுபடி வாங்குகிறது என்பதே பயனுள்ள மாறி.

தரவைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விறகை ஆண்டுதோறும் யாரும் எடை போட்டுப் பார்ப்பதில்லை. எப்போதோ ஒரு முறை எடுத்த ஆய்வில் கிடைத்த தலா நுகர்வை மக்கள்தொகையோடு பெருக்கி இடைப்பட்ட ஆண்டுகளை நிரப்புகிறார்கள். அந்தத் தொடர் அவ்வளவு வழவழப்பாக இருப்பதற்கு அதுவே காரணம். அரிமா மாதிரி அதில் அழகாகப் பொருந்துகிறது என்றால், யாரோ போட்ட பெருக்கல் கணக்கையே அது திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது என்று பொருள்.

#3 எண்ணும் எழுத்தும்

முற்றம் சொன்னதோடு அலகைப் பற்றிய ஒன்றைச் சேர்க்கிறேன். முன்கணிப்பைத் தொடங்குவதற்கு முன்பே மூன்று முடிவுகளை எடுத்து, ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

முதன்மை ஆற்றலை (மின்நிலையத்திற்குள் போகும் எரிபொருளையும் சேர்த்து) கணிக்கிறீர்களா, இறுதி நுகர்வையா (பயனரின் கைக்கு வந்து சேர்வதை மட்டும்) என்பது முதல் முடிவு. நிலக்கரி மின்நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 10 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. சூரியத் தகட்டிலிருந்து வரும் அதே யூனிட்டுக்கு 3.6 மெகாஜூல் என்றுதான் பெரும்பாலான கணக்குகள் எழுதுகின்றன. முதன்மை ஆற்றலில் பார்த்தால், நிலக்கரியை விலக்கிச் சூரியன் வர வர நாட்டின் மொத்தமே சுருங்குவது போலத் தோன்றும்.

விறகைச் சேர்ப்பதா விலக்குவதா என்பது இரண்டாவது. சேர்த்தும் விலக்கியும் இரண்டு தொடர்களாகக் கொடுப்பதே நேர்மையானது என்பது என் கருத்து.

மூன்றாவது முடிவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். மின்சாரம் ஒரு துறையா, அல்லது எல்லாத் துறைகளுக்கும் ஆற்றலைக் கொண்டு சேர்க்கும் ஊர்தியா? மின்துறையைத் தனித் துறையாக வைத்து அதன் சூரிய, காற்று மின்சாரத்தை எண்ணிவிட்டு, பின்னர் அதே மின்சாரத்தை வீட்டிலும் தொழிலகத்திலும் மின்சார வண்டியிலும் மறுபடி எண்ணினால், ஒரு யூனிட் இரண்டு முறை பதிவாகிவிடும். நான் இரண்டு அடுக்காகச் செய்வேன். மேலடுக்கில், மின்தொகுப்பில் புதுப்பிக்கத்தக்கதின் பங்கு. கீழடுக்கில், ஒவ்வொரு துறையின் மின் நுகர்வும் அந்தத் துறை நேரடியாக எரிக்கும் உயிரிப்பொருளும். இரண்டையும் பெருக்கிக் கூட்டும்போதுதான் மொத்தம் பிறக்க வேண்டும்.

#4 பழைய பொறியாளர்

தம்பி வைகைக்கரை, மின் விநியோகக் கட்டுப்பாட்டு அறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மேலடுக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், நிறுவுதிறனை முன்கணிப்பதை நிறுத்திவிட்டு யூனிட்டுகளை முன்கணியுங்கள். 2025இன் நடுவில், நாட்டின் நிறுவுதிறனில் பாதி, அணுமின்சாரத்தையும் சேர்த்து, புதைபடிவமல்லாத மூலங்களாகிவிட்டது. ஆனால் 2024–25இல் உற்பத்தியான யூனிட்டுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்துதான் வந்தது. ஒரு மெகாவாட் சூரியத் தகடு 20 விழுக்காட்டுப் பயன்பாட்டுக் காரணியில், அதாவது ஆண்டு முழுவதும் முழுத்திறனில் ஓடினால் தருவதில் ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கில், ஆண்டுக்கு 17.5 லட்சம் யூனிட் தரும். நிலக்கரி நிலையத்தின் ஒரு மெகாவாட் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் தர முடியும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காத வரைபடம் எதையும் சொல்லாது.

வரையறையும் மாறியிருக்கிறது. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களும் புதுப்பிக்கத்தக்கவை என்று 2019 மார்ச்சில்தான் நடுவண் அரசு அறிவித்தது. பழைய அறிக்கைகளையும் புதிய அறிக்கைகளையும் அப்படியே ஒட்டினால், அந்த ஆண்டில் புதிதாக ஒரு மெகாவாட்கூட நிறுவாமலேயே உங்கள் தொடர் குதித்துவிடும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகளை நிறுவிய காலம் முதல் தமிழ்நாடு இதில் முன்னோடி. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் ஆகிய கணவாய்களின் காற்று நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். ஆனால் நாடு முழுவதும் காற்றாலைகள் ஏறியதையும் இறங்கியதையும் தீர்மானித்தது காற்று அன்று, வருமான வரிச் சட்டம். காற்றாலை நிறுவும் நிறுவனம் முதல் ஆண்டிலேயே இயந்திர மதிப்பில் 80 விழுக்காட்டைத் தேய்மானமாகக் காட்டலாம் என்ற சலுகை 2012 ஏப்ரலில் 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2011–12இல் 3,000 மெகாவாட்டுக்கு மேல் சேர்ந்த காற்றாலைகள் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ பாதியாகிவிட்டன. 2014இல் சலுகை திரும்பி வந்தது, ஏற்றமும் வந்தது. 2016–17இல் சுமார் 5,500 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டோம். 2017 பிப்ரவரியில் முதல் தேசியக் காற்றாலை ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய்க்கு விலை போனது. நிலையான கட்டண முறை போய், குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்ற ஏல முறை வந்தது. 2017–18இல் சேர்ந்தது 2,000 மெகாவாட்டுக்கும் குறைவு. 2012 மார்ச்சிலோ 2017 மார்ச்சிலோ கோடு இழுத்து நீட்டிய ஒருவர் எவ்வளவு பெரிய பிழைக்குள் விழுந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

சூரிய மின்சாரத்தின் கதை வேறு. 2010 இறுதியில் நடந்த ஏலத்தில் யூனிட் சராசரியாக 12 ரூபாய். 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாய், 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99 ரூபாய். இங்கே இழுத்துச் சென்றது விலை. ஆனால் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுத் தகடுகளுக்கு 40 விழுக்காடு சுங்க வரி விதிக்கப்பட்டபோது, அந்தக் குதிரைக்கும் கடிவாளம் உண்டு என்று தெரிந்தது. ஒரே மின்துறைக்குள்ளேயே காற்றுக்கும் சூரியனுக்கும் தனித்தனி மாதிரி வேண்டும் என்பது இதனால்தான்.

பெரிய அமைப்புகளும் தவறுவதுண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் 18ஆவது மின் தேவை மதிப்பாய்வு, 2016–17க்கான உச்சத் தேவையை ஏறத்தாழ 2,00,000 மெகாவாட் என்று கணித்தது. நடந்தது 1,60,000க்குச் சற்றுக் குறைவு. அதே பத்தாண்டில் பன்னாட்டு ஆற்றல் முகமையின் மையக் கணிப்புகள் உலகச் சூரிய மின்சாரத்தை ஆண்டுக்கு ஆண்டு குறைத்தே மதிப்பிட்டு வந்தன. தேவையைக் கூட்டிக் கணிப்பதும் புதிய தொழில்நுட்பத்தைக் குறைத்துக் கணிப்பதும் ஒரே மேசையில் நடந்தால், புதுப்பிக்கத்தக்கதின் பங்கு இரண்டு வழியிலும் கீழே தள்ளப்படும்.

#5 வைகைக்கரை

ஐயா, முற்றம், எண்ணும் எழுத்தும், மூவருக்கும் நன்றி. விறகைத் தனியே எடுத்துவிட்டு மீண்டும் வரைந்து பார்த்தேன். கோட்டின் திசையே மாறிவிட்டது. ஆனால் பழைய பொறியாளர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு வேறோர் அச்சம் வருகிறது. சட்டமும் வரியும்தான் வளைவைத் தீர்மானிக்கின்றன என்றால், கடந்த காலத் தரவுக்கு என்ன மதிப்பு? மேலும், தொழிலகத் துறைக்கு என்னிடம் இருப்பது ஆண்டுக்கு ஓர் எண் மட்டுமே. அதில் எது மின்சாரம், எது நேரடியாக எரித்த உயிரிப்பொருள் என்பதைப் பிரிக்க வழி தெரியவில்லை.

#6 பஞ்சாலைக் கணக்கர்

தொழிலகத்தைப் பற்றி நான் சொல்லலாம். கோவைப் பகுதியில் ஒரு நூற்பாலையின் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆலைக்குச் சொந்தமாகக் காற்றாலைகள் உண்டு. அவை நிற்கும் ஊர் வேறு, நூல் நூற்கும் ஊர் வேறு. இடையில் இருப்பது பொது மின்தொகுப்பு.

மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். அப்போது ஆலைக்குத் தேவையானதைவிட மிகுதியாக வரும் யூனிட்டுகளைக் கணக்கில் வரவு வைத்து, காற்று ஓய்ந்த மாதங்களில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டிற்குப் "பேங்கிங்" என்று பெயர். தை மாதத்தில் எங்கள் நூற்புக் கதிர்கள் சுழலும்போது, கணக்குப்படி அது ஆடி மாதக் காற்று. உண்மையில் அந்த நேரத்தில் கம்பியில் வருவது பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். ஆண்டுக் கணக்கில் இது தெரியாது. மாதக் கணக்கில் பார்த்தால் உடனே தெரியும். பேங்கிங் விதியும் கட்டணமும் மாறும்போதெல்லாம், புதிய காற்றாலை வாங்குவதா, கூரையில் சூரியத் தகடு போடுவதா என்ற ஆலைகளின் முடிவும் மாறுகிறது. ஆகவே, தொழிலகத்தின் சொந்தப் பயன்பாட்டு மின்சாரத்தை மின்தொகுப்பின் சராசரிப் பங்கோடு பெருக்கிவிடாதீர்கள். நெசவும் நூற்பும் மிகுந்த பகுதியில் அந்தச் சராசரி உண்மையிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும்.

பெரிய மறைபொருள் வேறொன்றும் இருக்கிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கொதிகலன்களில் எரிவது விறகு. நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை வாட்டவும் உலர்த்தவும் விறகு. அரிசி ஆலைகளில் நெல்லை அவிக்க உமி. சர்க்கரை ஆலைகளில் கரும்புச்சக்கை. இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்துச் சீமைக்கருவேல் எத்தனை கொதிகலன்களை எரிக்கிறது என்பதை விறகு லாரிகளின் எடைமேடைச் சீட்டுகளே அறியும். இவை எல்லாம் தொழிலகத் துறையின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தான். ஆனால் சக்கையும் உமியும் மூலப்பொருளோடு சேர்ந்தே வருபவை. கரும்பு எவ்வளவு அரைபடுகிறதோ அவ்வளவு சக்கை. அவற்றை உற்பத்தியோடு கட்டிக் கணிக்கலாம். வாங்கி எரிக்கும் விறகு அப்படியன்று. நிலக்கரியின் விலை இறங்கினால், இரண்டையும் எரிக்கத்தக்க கொதிகலன் வைத்திருப்பவர் அடுத்த வாரமே மாறிவிடுவார். தொழிலகத் துறையையே மின்சாரம், மூலப்பொருளோடு வரும் கழிவு, வாங்கி எரிக்கும் விறகு என்று மூன்றாகப் பிரித்தால்தான் அந்த ஓர் எண்ணுக்குப் பொருள் வரும்.

#7 கரும்புக்காடு

போக்குவரத்துத் துறையில் இப்போதைக்குப் புதுப்பிக்கத்தக்கது என்றால் முதலில் எத்தனால்தான். இங்கே உங்கள் அரிமா மாதிரிக்கு வேலையே இல்லை என்று துணிந்து சொல்வேன். பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2013–14இல் ஒன்றரை விழுக்காடு, 2022 சூனில் 10 விழுக்காடு, 2022–23 வழங்கல் ஆண்டில் 12 விழுக்காடு, 2023–24இல் 14.6 விழுக்காடு, 2025இல் 20ஐ எட்டிவிட்டது. முதலில் 2030க்கு வைத்த இலக்கை 2025–26க்கு முன்னிழுத்தார்கள். ஏறுமுகம் செங்குத்தாக இருக்கிறது என்பதற்காக அதை நீட்டினால் 2035இல் பெட்ரோலே இராது என்று விடை வரும். 20க்கு மேல் போவதா என்பது எஞ்சின்களின் பொருத்தத்தையும் அரசின் முடிவையும் சார்ந்தது. கலப்பு விகிதம் இங்கே ஒரு படிக்கட்டு. அடுத்த படி கட்டப்படும் வரை, எத்தனாலின் வளர்ச்சி பெட்ரோலின் வளர்ச்சியைப் பின்தொடரும், அவ்வளவே.

இரண்டு நுணுக்கங்களை மறக்க வேண்டாம். 20 விழுக்காடு என்பது கொள்ளளவில் சொல்வது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதைப் போல மூன்றில் இரண்டு பங்குதான். ஆற்றலாகக் கணக்கிட்டால் அந்த 20 ஏறத்தாழ 14 ஆகிவிடும். கொள்ளளவை அப்படியே போட்ட கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். அதோடு, வழங்கல் ஆண்டு 2023 முதல் நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது, அதற்கு முன்பு டிசம்பரில் தொடங்கியது. உங்கள் மற்றத் தொடர்களோ ஏப்ரல் முதல் மார்ச் வரை. மாத வாரியாக எடுத்து மறுபடி அடுக்காமல் ஒட்டக் கூடாது.

மழையும் இதற்குள் இருக்கிறது. 2023இல் பருவமழை பொய்த்துக் கரும்பு குறையும் என்ற அச்சத்தில், அந்த ஆண்டு டிசம்பர் 7 அன்று கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு அரசு தடை போட்டது. சில நாள்களில் ஓரளவு தளர்த்தினார்கள்; 2024 ஆகஸ்டில்தான் முழுவதும் நீங்கியது. ஆயினும் கலப்பு குறையவில்லை, ஏனென்றால் மக்காச்சோளமும் உடைந்த அரிசியும் அந்த இடத்தை நிரப்பின. 2023–24இல் தானிய எத்தனால் கரும்பு எத்தனாலைத் தாண்டிவிட்டது. கரும்பு விளைச்சலை மட்டும் மாறியாக வைத்திருந்த மாதிரி அந்த ஆண்டில் முற்றிலும் தோற்றிருக்கும். கோழித் தீவன மக்காச்சோளத்தின் விலையைப் பற்றி இனி ஆற்றல் முன்கணிப்பாளரும் கவலைப்பட வேண்டும்.

#8 எளியவழி

ஒரு மறுப்பைப் பதிய விரும்புகிறேன். கையில் இருப்பவை முப்பது சொச்சம் ஆண்டுப் புள்ளிகள். அவற்றை ஐந்து துறைகளாகவும், ஒவ்வொரு துறையையும் மூன்று கூறுகளாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்கை அனுமானத்தைச் சேர்த்தால், கடைசியில் நிற்பது முன்கணிப்பன்று, அனுமானங்களின் கூட்டுத்தொகை. முன்கணிப்பு முறைகளை ஒப்பிட மக்ரிடாகிஸ் நடத்திய முதல் போட்டியின் முடிவுகள் 1982இலேயே வெளிவந்தன; சிக்கலான முறைகள் எளியவற்றைவிடச் சிறப்பாகக் கணிக்கும் என்பதற்கு உறுதியில்லை என்று அவை காட்டின. விறகை நீக்கிய தொடருக்கு, தணிந்து செல்லும் போக்குடைய எளிய அடுக்குறிச் சமனாக்கத்தை, அதாவது அண்மை ஆண்டுகளுக்குக் கூடுதல் எடை தரும் சராசரி முறையைப் பொருத்துங்கள். நம்பக எல்லையை, அதாவது உண்மை எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் விழக்கூடும் என்பதை, அகலமாகக் கொடுங்கள். அதற்கு மேல் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது ஆய்வுக்கு நல்லதன்று.

#9 எண்ணும் எழுத்தும்

எளியவழி சொல்வதில் பாதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒவ்வொரு கூறுக்கும் சிக்கலான மாதிரி வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவு எங்கே பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் போட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை மாதத் தொடர்கள். கணிப்புத் தொலைவும் குறுகியது. நம் கையில் இருப்பதோ பத்தாண்டுத் தொலைவும், எதிரெதிராக நகரும் கூறுகளின் கூட்டும். சுருங்கும் ஒன்றையும் விரியும் ஒன்றையும் கூட்டிய தொகையின் போக்கு, எது பெரிதாக இருக்கிறதோ அதன் போக்காகச் சிறிது காலம் நடந்து, பின்னர் திரும்பிவிடும். எந்த ஆண்டில் திரும்பும் என்பதைக் கூட்டுத்தொகையின் கடந்த காலம் சொல்லவே சொல்லாது. கூறுகளைப் பிரிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வைகைக்கரை கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடந்த காலத் தரவுக்கு மதிப்பு உண்டு, அதை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். 2011 மார்ச், 2016 மார்ச், 2019 மார்ச் ஆகிய மூன்று நாள்களில் கடிகாரத்தை நிறுத்துங்கள். அன்று தெரிந்திருந்ததை மட்டும் வைத்து அடுத்த ஐந்தாண்டுகளைக் கணித்து, நடந்ததோடு ஒப்பிடுங்கள். "சென்ற ஆண்டு சேர்ந்த அளவே இந்த ஆண்டும் சேரும்" என்ற மிக எளிய கணிப்பையும் பக்கத்தில் வையுங்கள். உங்கள் மாதிரி அதை வெல்லாத துறையில் அந்த எளிய கணிப்பையே பயன்படுத்துங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்று நாள்களில் கிடைக்கும் பிழைகளின் அகலமே உங்கள் நம்பக எல்லை. பழைய பொறியாளர் சொன்ன தேய்மானச் சலுகை அதிர்ச்சி, ஏல முறை அதிர்ச்சி இரண்டும் அதற்குள் தாமாகவே வந்துவிடும். 2020–21ஐ நோய்த்தொற்று ஆண்டு என்று தனியே குறித்துவிடுங்கள்.

அரசு இலக்கை முன்கணிப்பாக எழுதாதீர்கள். 2022க்குள் 175 கிகாவாட் என்று 2015இல் இலக்கு வைத்தோம். அந்த ஆண்டு முடிவில், பெரிய நீர்மின்சாரம் நீங்கலாக, 120 கிகாவாட்டைத்தான் எட்டியிருந்தோம். அதில் சூரியனுக்கு வைத்தது 100, வந்தது ஏறத்தாழ 63. காற்றுக்கு வைத்தது 60, வந்தது 42. 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் அறிவித்த, 2030க்குள் புதைபடிவமல்லாத மூலங்களில் 500 கிகாவாட் என்பதும் அத்தகைய இலக்கே. 2024–25இல் சேர்ந்த ஏறத்தாழ 30 கிகாவாட் அதுவரை இல்லாத உயர்வு. அப்படியிருந்தும் 2030ஐ எட்ட ஆண்டுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகச் சேர வேண்டும். இலக்கு எட்டப்பட்ட வேகத்தையே ஒரு மாறியாக வையுங்கள். பசுமை ஹைட்ரஜனுக்கு 2023 சனவரியில் இயக்கம் தொடங்கியிருக்கிறது. அதற்குப் பின்னோக்கிப் பார்க்கக் கடந்த காலமே இல்லை என்பதால், மையக் கணிப்பில் சேர்க்காமல், "இப்படி நடந்தால்" என்ற தனிக் காட்சியாகக் கொடுங்கள்.

#10 பழைய பொறியாளர்

வேளாண்மையை யாரும் தொடவில்லை. நாட்டின் மின் நுகர்வில் தொழிலகம் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், வீடு கால் பங்கு, வேளாண்மை ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் தமிழ்நாட்டைப் போல இலவச மின்சாரம் தரும் மாநிலங்களில் பல பம்புசெட்டுகளுக்கு மீட்டர் கிடையாது. குதிரைத்திறனையும் ஓடும் மணிகளையும் மதிப்பிட்டு எழுதுகிறார்கள். விநியோக இழப்பு எங்கே முடிகிறது, வேளாண் நுகர்வு எங்கே தொடங்குகிறது என்ற எல்லையே தெளிவில்லாத எண் அது. 2019இல் தொடங்கிய குசும் திட்டத்தின் சூரியப் பம்புகள் டீசலில் இறைக்கும் பகுதிகளில் விவசாயிக்கு உடனே பணத்தை மிச்சப்படுத்துகின்றன. மின்சாரம் இலவசமாக வரும் பகுதியில் அவருக்கு அந்த ஆதாயம் இல்லை. ஆகவே தேசியச் சராசரி வேண்டாம், தம்பி. டீசல் மிகுந்த மாநிலங்கள், இலவச மின்சார மாநிலங்கள் என்று இரண்டாகப் பிரித்தால் போதும்.

இன்னொன்று. சூரிய மின்சாரம் நண்பகலில் வருகிறது. வீடுகளின் உச்சத் தேவை விளக்கு வைத்த பிறகு வருகிறது. பம்புசெட்டைப் பகலுக்கு மாற்றலாம், நூற்பாலையை ஓரளவு மாற்றலாம், வீட்டை மாற்றுவது கடினம். எல்லாத் துறைக்கும் மின்தொகுப்பின் ஆண்டுச் சராசரிப் பங்கை ஒரே மாதிரிப் பெருக்கினால், பகலில் இறைக்கும் விவசாயிக்குக் குறைத்தும், இரவில் குளிர்சாதனம் ஓட்டும் வீட்டுக்குக் கூட்டியும் எழுதிவிடுவீர்கள். மணிவாரியாகச் செய்ய இயலாவிட்டாலும் பகல், மாலை, இரவு என்று மூன்று வேளைகளாகவாவது பிரியுங்கள்.

#11 வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. வழிகாட்டியிடம் கொண்டுபோக இப்படித் திருத்தியிருக்கிறேன். எங்கேனும் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வீட்டு விறகைத் தனித் தொடராக வைத்து, ஓர் இணைப்புக்கு ஆண்டில் எத்தனை உருளை என்பதோடு கட்டுகிறேன். இத்தொடர் இறங்குவதைப் பின்னடைவாகக் கருதக் கூடாது என்று தலைப்பின் கீழேயே எழுதிவிடுகிறேன். மின்தொகுப்பில் காற்றுக்கும் சூரியனுக்கும் தனி மாதிரி, இரண்டும் யூனிட்டில், மூன்று வேளைகளாக. எத்தனாலுக்குப் படிக்கட்டு, 20 விழுக்காட்டிலேயே நிற்கும் காட்சி ஒன்று, ஒரு படி ஏறும் காட்சி ஒன்று. வேளாண்மை இரண்டு மாநிலக் குழுக்களாக. மொத்தத்தை நேரடியாகக் கணிக்கவே போவதில்லை. கூட்டி வருவதுதான் மொத்தம். எளியவழி சொன்ன சமனாக்கத்தையும் போட்டிக் கணிப்பாகப் பக்கத்தில் வைக்கிறேன். மூன்று நாள்களிலும் அது வென்றால் அதை மறைக்க மாட்டேன்.

இன்னும் வெறுமையாக இருப்பது தொழிலகக் கொதிகலன் விறகு. பஞ்சாலைக் கணக்கர் ஐயா, ஆலையின் பெயர் இல்லாமல், மாத வாரியான காற்றாலை யூனிட்டும் பேங்கிங் வரவு செலவும் கிடைக்குமா? உங்களுக்குத் தெரிந்த சாயப்பட்டறை எதிலாவது எடைமேடைச் சீட்டுகளைப் பார்க்க இயலுமா?

#12 பஞ்சாலைக் கணக்கர்

முதலாளியிடம் கேட்டுவிட்டேன், பெயரில்லாமல் தருவதற்கு மறுப்பில்லை என்கிறார். 2014 ஏப்ரல் முதல் மாதக் கணக்குகள் என்னிடம் இருக்கின்றன. ஆனால் இடையில் இரண்டு பழைய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியது ஒன்றை நிறுத்தினோம். அந்த மாதத்திற்கு முன்னும் பின்னும் இருக்கும் எண்களை ஒன்றாக வைத்து ஒப்பிட வேண்டாம். தேதியைக் குறித்தே அனுப்புகிறேன். சாயப்பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் விறகுச் சீட்டுகளை மூட்டையாகக் கட்டிப் பரணில் வைத்திருக்கிறார். ஈர விறகா உலர்ந்த விறகா என்பது சீட்டில் இராது. மழைக்கால எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பாருங்கள் தம்பி.